புதுப்பிப்பு: சங்கத் தலைவர் பெயரில் பணம் கேட்ட போலி வாட்ஸ்அப் கணக்கு

எங்கள் சகோதர சங்கத் தலைவரின் படத்தை வைத்துக்கொண்டு யாரோ புது எண்ணிலிருந்து "அவசரம், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள்" என்று உறுப்பினர்களிடம் கேட்பதாகப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் எல்லோருமாகப் புகார் செய்தோம். கணக்கு மறைந்தது, இரண்டே நாளில் வேறு எண்ணில் வந்துவிட்டார்கள்.

உண்மையில் காப்பாற்றியது, "தெரிந்த பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். குழுவில் போட்டதோடு நிற்காமல், வயதானவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னோம். ஒரு பெரியவர் கார்டை வாங்கி, அதன் எண்ணைப் பார்க்கப் பின்பக்கத்தைச் சுரண்டியும் விட்டார். எண்ணை அனுப்பும் முன் தலைவரைக் கூப்பிட்டார், பணம் தப்பியது.

எதிர்பாராதது ஒன்று. போலிச் செய்தியில் ஓர் உறுப்பினரின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. அதே பிழை எங்கள் இணையதளத்தில் கிடந்த உறுப்பினர் பட்டியலிலும் இருந்தது! பட்டியலை உடனே எடுத்துவிட்டோம். அப்புறமும் தேடலில் தெரிந்ததால், பழைய பக்கத்தை நீக்கும்படி கூகுளுக்குத் தனியாக விண்ணப்பித்தோம்.

இன்னொருவர், வாட்ஸ்அப் பதிவுக்காகத் தன் போனுக்கு வந்த 6 இலக்கக் குறியீட்டை மோசடிக்காரரிடம் சொல்லித் தன் வாட்ஸ்அப் கணக்கையே இழந்திருந்தார். தன் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்ததும் உள்ளே இருந்தவர் வெளியேற்றப்பட்டார். கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான ரகசிய எண்ணும் (PIN) வைத்துக் கொடுத்தோம். இப்போது ஒவ்வோர் உறுப்பினருக்கும் நேரில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுக்கிறோம்.