அக்ரோபோரா (கிளை விடும் பவளம்) லார்வா இரண்டாம் நாளே செத்துப் போகிறது, எங்கே தப்பு?

இரவுப்பணி:
பௌர்ணமி கழிந்து ஐந்தாம் இரவு, லேபில் இருந்த 3 அக்ரோபோரா காலனிகளில் 2 காலனிகள் முட்டை விட்டன. பாலிப் (காலனியில் உள்ள ஒவ்வொரு குட்டி உயிர்) வாயெல்லாம் இளஞ்சிவப்பு மணி, அதாவது முட்டையும் விந்தும் சேர்ந்த உருண்டை, வந்து உட்கார்ந்தது, கொஞ்ச நேரத்தில் அத்தனையும் மேலே மிதந்தன. இரண்டையும் ஒரே வாளியில் கலந்து, மைக்ரோஸ்கோப்பில் இரண்டு செல், நாலு செல் வரை பார்த்துவிட்டு, அப்படியே 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, ஆக்சிஜன் போதாதோ என்று ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டேன். காலையில் தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம். மறுநாள் சாயங்காலம் முக்கால்வாசி காலி. வருஷத்துக்கு ஒரு தடவை வருவதை இப்படிக் கோட்டை விட்டால் வயிறு எரிகிறது.

சிப்பி:
முதல் எதிரி அந்த ஏர் ஸ்டோன்தான். பவளக் கருவுக்கு மேலே உறை கிடையாது, செல்கள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், குமிழி இடித்தால் பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகளும் சின்னச் சின்ன லார்வாவாக வளரலாம் என்று 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள், ஆனால் அதை நம்பித் தொட்டி நடத்த முடியாது. தட்டையாக வளைந்து நிற்கும் கட்டம் ஒன்று வரும் (இறால் சிப்ஸ் என்றுதான் அதற்குப் பேரே), அது தாண்டி உருண்டையாகி நீந்தத் தொடங்கும்வரை தொடாதீர்கள்.

உப்புத்தண்ணி:
முட்டையைக் கழுவினீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. கருவுற்றதும் மிச்ச விந்து அழுகி பாக்டீரியா பெருகும், கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். முட்டை மேலே மிதப்பதால் அடியிலிருந்து டியூப் வைத்துத் தண்ணீரை மெதுவாக இறக்கி, வடிகட்டிய கடல்நீரை ஓரமாக ஊற்றுங்கள். மூன்று நாலு முறை செய்ய வேண்டும். சல்லடையில் போட்டு வெளியே தூக்கவே கூடாது. அப்புறம், ஒரு மில்லிக்கு எத்தனை இருந்தன?

இரவுப்பணி:
கழுவவில்லை. இப்போது போட்டோவை வைத்து எண்ணினால் மில்லிக்கு அஞ்சாறு இருக்கும் போல.

உப்புத்தண்ணி:
ரொம்ப நெருக்கம். ஒன்று, அதற்கும் குறைவு என்றால் நல்லது. ஒன்று செத்தால் அதிலிருந்து கசியும் கொழுப்பு பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொல்லும், நீங்கள் பார்த்த படலம் அதுதான். பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் லேசாகத் தொட்டு எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

சிப்பி:
பிழைத்த கால்வாசியை விட்டுவிடாதீர்கள். தீனி வேண்டாம், முட்டையின் கொழுப்பே போதும். நாலைந்து நாளில் இடம் தேடி அடியைத் தடவ ஆரம்பிக்கும், அப்போது கோரலைன் பாசி (பாறைமேல் கெட்டியாகப் படியும் இளஞ்சிவப்புப் பாசி) படிந்த ஓடு, அதாவது அவை ஒட்டி வளர வைக்கும் தட்டு, தயாராக இருக்க வேண்டும். பாசி படியாத புது ஓடு என்றால் அவை பெரும்பாலும் சீண்டாது.

இரவுப்பணி:
ஓடு இருக்கிறது, இரண்டு மாதமாகக் கடலில் கிடந்தது. மூன்றாவது காலனி இன்னும் விடவில்லை, கிளை நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒடித்துப் பார்த்தேன், உள்ளே முட்டை சிவப்பாகத்தான் (முற்றிய அறிகுறி) இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்குக் கழுவி, காற்றில்லாமல் செய்து பார்க்கிறேன்.

உப்புத்தண்ணி:
சரி, ஆனால் அது தனியாக விட்டால் வேலைக்கு ஆகாது, அக்ரோபோராவில் தன் விந்து தன் முட்டையோடு சேர்வது ரொம்பக் குறைவு. முட்டை சிவந்த இன்னொரு காலனியை, அதே இனமாகப் பார்த்து, இப்போதே தேடி வையுங்கள்.