பிளாட்டில் டரான்டுலா வளர்க்கலாமா?

பெரம்பூர் பிரபா: மெக்சிகோவின் சிவப்பு முட்டி டரான்டுலா, அதாவது உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி, ஒன்று வாங்க ஆசை. சின்னக் கண்ணாடித் தொட்டி, தேங்காய் நார்த்தூள், தண்ணீர்க் கிண்ணம், வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழி போதும். குரைக்காது. ஹவுஸ் ஓனர் கண்டுகொள்ள மாட்டார்.

கிண்டிவாசி: கஸ்டம்ஸ் கண்டுகொள்ளும் தம்பி. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பார்சலைச் சென்னையில் பிரித்தார்கள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குப்பிகளில் உயிரோடு 107 சிலந்திகள். உங்கள் சிவப்பு முட்டியின் பேரினமான பிராக்கிபெல்மாவும் அதில் இருந்தது. அது சைட்டிஸ் என்ற, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. போலந்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லித் தபால் துறையிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெரம்பூர் பிரபா: கடத்தல் யார் கேட்டது அண்ணே? இங்கேயே பொரித்த குஞ்சு என்றால்?

கிண்டிவாசி: தாய் எப்படி வந்தது? 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் பட்டியலில் உள்ளதை வைத்திருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். 'ஃப்ரெண்டு கொடுத்தான்' அங்கே எடுபடாது.

அடையாறு மீனா: சட்டம் சரி, ஆனால் வளர்ப்பதே பாவம் என்ற மாதிரி பேச வேண்டாம். ஜெர்மனியில் படித்தபோது என் ரூம்மேட் ஒன்று வைத்திருந்தாள். ஒருநாள் மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டதென்று தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். தோலுரிக்கும்போது அப்படித்தான் கிடக்குமாம். உடம்பு பிஞ்சாக இருக்கும் அந்த நேரத்தில் தொட்டியில் மிஞ்சிய சுவர்க்கோழிகூட அதைக் கடித்துக் குதறிவிடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய தோல் விஷப்பல் உட்பட முழுசாகப் பக்கத்தில் கிடக்கிறது!

பிரபா, உயரமான தொட்டி வேண்டாம். விழுந்தால் வயிறு வெடித்துவிடும். சமையலறைக் கரப்பானையும் போடாதீர்கள், ஸ்ப்ரே மருந்து ஏறியிருக்கும்.

கிண்டிவாசி: பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேல் இருக்கும். கல்யாணம், வெளிநாட்டு வேலை என்று தம்பி கிளம்பினால் அம்மாதான் சுவர்க்கோழி போடணுமா?

பெரம்பூர் பிரபா: அம்மா பல்லிக்கே அலறுவார். சரி, நம் காட்டுச் சிலந்தியைப் பிடித்தால்?

அடையாறு மீனா: அதில் நானும் கிண்டிவாசி கட்சிதான். ஆந்திராவின் நீல டரான்டுலா அழிவின் விளிம்பில் இருக்கிறது. உங்கள் மெக்சிகோ வகைபோல எதிரிமேல் உதறிவிட அரிக்கும் முடி அந்த இனங்களுக்குக் கிடையாது, நேராகக் கடிதான். தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தும்.

பெரம்பூர் பிரபா: பில்லும் பதிவும் காட்டினால்தான் வாங்குவேன், போதுமா? கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டி மட்டும் பார்த்து வைக்கிறேன்.

கிண்டிவாசி: தாராளமாக. அப்படியே நாலு மீனும் வாங்கி விடுங்கள்.