டெல்டா 25 மட்டும் வந்த ரிப்போர்ட்: குடும்பத்துக்கு என்ன சொல்வது?

கேள்வி: மரபியல்_மாணவி

வணக்கம். இதயத் தசை காரணமில்லாமல் தடிக்கும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது எச்சிஎம் நோயாளிகளின் ஜீன் பேனல் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனை) முடிவுகளைப் பற்றிய கேள்வி இது.

நம் ஊர் நோயாளிகளின் ரிப்போர்ட்டில், இதயத் தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 'சி.3628-41_3628-17டெல், ஹெட்டிரோசைகஸ்' என்று ஒரு வரி அடிக்கடி வருகிறது. ஹெட்டிரோசைகஸ் என்றால் மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும். எல்லோரும் டெல்டா 25 என்று சொல்லும் 25 எழுத்து நீக்கம்தான். ஒரு லேப் இதை 'ஆபத்துக் காரணி' என்கிறது, இன்னொரு லேப் 'பொருள் தெளிவில்லை' என்கிறது, மற்றொன்று ரிப்போர்ட்டிலேயே போடுவதில்லை. 2009-இல் வந்த ஆய்வு இதய நோய் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு என்றது. பின்னால் வந்தவை வேறு மாதிரி பேசுகின்றன.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 40 வயது ஆண், ரத்த அழுத்தம் இல்லை, எக்கோவில் செப்டம் (இதய அறைகளின் இடைச்சுவர்) 19 மி.மீ. பேனலில் டெல்டா 25 தவிர எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகள். மனைவி அவருடைய சொந்த அக்கா மகள், மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருக்கிறார். நோய்க்குக் காரணம் இதுதான் என்று சொல்லலாமா? பிள்ளைகளுக்கு டெல்டா 25 இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவரை 'உனக்கு வராது' என்று அனுப்பலாமா?

பதில் 1: லேப்_மரபியலாளர்

இரண்டுக்கும் பதில் 'கூடாது'. இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்தானது என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் டெல்டா 25 இருக்கிறது. சில பகுதிகளில் 8 சதவீதம் வரை. எச்சிஎம் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு, அதாவது 0.2 சதவீதம். நாட்டில் உள்ள எச்சிஎம் மொத்தமும் இந்த ஒரு நீக்கத்தால்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சுமப்பவர்களில் 100-க்கு 5 பேருக்கு மேல் நோய் வர வழியில்லை. தனியாக நின்று நோயை உண்டாக்கும் மாற்றம் இப்படிப் பரவலாக இருக்காது.

அப்படியானால் 2009 ஆய்வு தவறா என்றால், அதுவும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை அது. நோயாளிகளிடம் டெல்டா 25 அதிகம் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தது உண்மையான எண்ணிக்கைதான். இந்த நீக்கம் 32-ஆம் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்குப் பயன்படாமல் வெட்டி எறியப்படும் பகுதியில், இருக்கிறது. அதனால் ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது 33-ஆம் எக்ஸான் (புரதத்துக்கான பகுதி) விடுபட்டு, புரதத்தின் வால் முனை உருமாறுகிறது என்றும் காட்டினார்கள். காரணம் இதுவே என்று எல்லோரும் நம்பியதற்கு அது போதுமாக இருந்தது.

விஷயம் திரும்பியது 2020-இல். 5,393 எச்சிஎம் நோயாளிகளின் தரவைப் பார்த்தபோது, டெல்டா 25 உள்ள குரோமோசோம்களில் ஒரு சிறு பகுதியில் இன்னொரு மாற்றமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது: சி.1224-52 ஜி>ஏ. இது அதே மரபணுவின் 13-ஆம் இன்ட்ரானுக்குள், அடுத்த எக்ஸானுக்கு 52 எழுத்து முன்னால் இருக்கிறது. இந்த ஓர் எழுத்து மாறியதும் அங்கே 'ஏஜி' என்ற பொய்யான வெட்டு முனை உருவாகிறது. செல் அதை உண்மை என்று நம்பி இன்ட்ரானின் 50 எழுத்துகளை எக்ஸானோடு சேர்த்துக்கொள்கிறது. 50 மூன்றால் வகுபடாது. அதனால் படிக்கும் சட்டகம் நகர்ந்து, புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. எம்ஒய்பிபிசி3-இல் எச்சிஎம் உண்டாக்கும் வழக்கமான வழி இதுதான். இந்த மைனஸ் 52 இருந்தவர்களைக் கணக்கில் சேர்த்ததும், டெல்டா 25-இன் மேல் ஏற்றப்பட்டிருந்த ஆபத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த நோயாளிகளில் ஏறத்தாழ 1 சதவீதம் பேரிடம் மைனஸ் 52 இருந்தது. ஒரே ஒரு மாற்றத்துக்கு இது மிகப் பெரிய பங்கு.

ஆகவே ரிப்போர்ட்டில் டெல்டா 25 கண்ணில் பட்டால் லேபைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'மைனஸ் 52 பார்த்தீர்களா?'

பிள்ளைகள் விஷயம். அப்பாவின் நோய்க்கு உண்மைக் காரணம் மைனஸ் 52 ஆகவோ எம்ஒய்எச்7 போன்ற வேறு மரபணுவாகவோ இருக்கலாம். வேறு மரபணுவாக இருந்தால் டெல்டா 25-க்கும் அதற்கும் தொடர்பே இல்லை. டெல்டா 25 வராத மகனிடம் அந்த உண்மைக் காரணம் வந்திருக்கலாம். அவனை 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிட்டால் அவன் எக்கோவுக்கு வரவே மாட்டான், பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓடிக்கொண்டிருப்பான். அதனால்தான் டெல்டா 25-ஐ வைத்துக் குடும்பப் பரிசோதனை செய்யவே கூடாது என்கிறேன்.

பதில் 2: பைப்லைன்_பார்ப்பவர்

மைனஸ் 52 ஏன் தப்பிவிடுகிறது என்பதையும் அதை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்கிறேன்.

பெரும்பாலான பேனல், எக்ஸோம் (எல்லா எக்ஸான்களையும் படிக்கும் பரிசோதனை) பைப்லைன்கள், அதாவது தரவை அலசும் மென்பொருள்கள், எக்ஸானின் இரு பக்கமும் 10 அல்லது 20 எழுத்து வரைதான் ரிப்போர்ட்டுக்கு எடுக்கும். பெட் ஃபைலில் (எந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியல்) அந்த எல்லையைத் தாண்டியது அனைத்தும் வெட்டப்பட்டுவிடும். மைனஸ் 52 அங்கேயே விழுந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பதைத் தள்ளும் வடிகட்டியில் டெல்டா 25-உம் போய்விடும். அப்போது உண்மைக் காரணமும் தெரியாது, அதைத் தேடச் சொல்லும் அடையாளமும் தெரியாது. 'நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட் கைக்கு வரும். டெல்டா 25 வந்த ரிப்போர்ட்டைவிட இதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

நல்ல செய்தி, பழைய தரவிலேயே விடை இருக்கலாம். 150 எழுத்து ஜோடி ரீட் (இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டு) எடுத்திருந்தால், எக்ஸானைப் பிடித்த துண்டுகளின் ஓரங்கள் 52 எழுத்து தூரம் தாராளமாகப் போகும். லேபிடம் பாம் ஃபைலைக் (ரீட்கள் உள்ள கோப்பு) கேட்டு வாங்கி ஐஜிவியில் (அதைக் காட்டும் மென்பொருள்) திறந்து, 14-ஆம் எக்ஸானின் தொடக்கத்துக்குப் போங்கள். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: இந்த மரபணு எதிர் இழையில் இருக்கிறது. ஆகவே 'எக்ஸானுக்கு முன்னால்' என்பது திரையில் எக்ஸானுக்கு வலப்பக்கம். ஜி>ஏ என்பது திரையில் சி>டி என்று தெரியும். இடப்பக்கம் தேடிவிட்டு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அந்த இடத்தில் குறைந்தது 20, 30 ரீட் இருந்து எல்லாமே சி என்றால் 'இல்லை' என்று ஓரளவு நம்பலாம். ஐந்தாறு ரீட் மட்டும் இருந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள். ஹெட்டிரோசைகஸ் ஆளிடமும் ஐந்து ரீட்டும் இயல்பான பிரதியிலிருந்தே வர 32-இல் ஒரு வாய்ப்பு உண்டு. அப்போது சாங்கர், அதாவது அந்த இடத்தை மட்டும் தனியாகப் படிக்கும் முறை, செய்ய வேண்டியதுதான்.

சாங்கருக்கு பிரைமரை (படிப்பு தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மைனஸ் 52-இலிருந்து குறைந்தது 100 எழுத்து தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் 30 முதல் 50 எழுத்து வரை படிக்க முடியாமல் போகும். எக்ஸானை மட்டும் உறுதிசெய்யப் போட்டு வைத்திருக்கும் பழைய பிரைமர்கள் பல நேரம் இதற்கு உதவாது, மைனஸ் 52 அந்தக் குழப்பத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிரைமர் உட்காரும் இடத்தில் நம் மக்களிடம் பரவலான எழுத்து மாற்றம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒரு பிரதி பெருகாமல் போய், ஹெட்டிரோசைகஸ் ஆள் இயல்பானவர் போலத் தெரிவார். இரண்டு திசையிலும் படிப்பது நல்லது.

டெல்டா 25-ஐ உறுதிசெய்ய மட்டும் என்றால் சாதாரண பிசிஆர் போதும். 400 எழுத்துத் துண்டு வரும்படி பிரைமர் போட்டால் நீக்கம் உள்ளது 375-இல் வரும். 1 சதவீத அகரோஸில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 3 சதவீத ஜெல், 50 எழுத்து லேடர், நிதானமான ஓட்டம் வேண்டும். ஹெட்டிரோசைகஸ் ஆளுக்கு இரண்டு பட்டைக்கும் மேலே மூன்றாவது மங்கலான பட்டை வரும். இரண்டு வகை இழைகள் சேர்ந்து ஓட்டம் குறைவதால் வருவது அது. கலப்படம் என்று பயந்து மாதிரியைத் தூக்கிப் போட வேண்டாம்.

மரபியல்_மாணவி

நன்றி. எதிர் இழை விஷயம் மிகவும் உதவும். ஒரு சந்தேகம்: மைனஸ் 52, டெல்டா 25 இரண்டும் இருந்தால், இரண்டும் ஒரே குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று நிரூபித்த பிறகுதான் ரிப்போர்ட் தர வேண்டுமா?

பதில் 3: லேப்_மரபியலாளர்

வேண்டாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். மைனஸ் 52 தனியாகவே நோய் உண்டாக்கும் மாற்றம். பக்கத்தில் டெல்டா 25 எந்தப் பிரதியில் இருந்தாலும் முடிவு மாறாது. இரண்டுக்கும் இடையில் பல ஆயிரம் எழுத்து தூரம் இருப்பதால் குறு ரீட்டில் அதைச் சொல்லவும் முடியாது. மைனஸ் 52-ஓடு எம்ஒய்பிபிசி3-இல் புரதத்தை முறிக்கும் வேறொரு மாற்றமும் வந்தால் மட்டும், பெற்றோர் ரத்தத்தை வாங்கி எது யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு பிரதியும் கெட்டதா, ஒன்றுதானா என்பது அங்கே மிக முக்கியம்.

பதில் 4: எக்கோ_டாக்டர்

மைனஸ் 52 வந்தால் ஒரு வழி, வராவிட்டால் இன்னொரு வழி.

வந்தால்: பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. அந்த ஓர் எழுத்தை மட்டும் சாங்கரில் பார்த்தால் போதும், முழுப் பேனலுக்குச் செலவு செய்ய வேண்டாம். இல்லாதவர்களை நிம்மதியாக அனுப்பலாம், ஆண்டுக்கணக்கில் எக்கோ தேவையில்லை. இருப்பவர்களில் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஈசிஜியும் எக்கோவும். பெரியவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. இவர்களுக்கு, நோய் என்று சொல்ல வழக்கமாகக் கேட்கும் 15 மி.மீ. வரும்வரை காத்திருக்கக் கூடாது. குடும்பத்தில் நோயோ மாற்றமோ உறுதியானவருக்கு 13 மி.மீ. தடிப்பே போதும். ஈசிஜியை விட்டுவிடாதீர்கள், எக்கோவுக்கு முன்பே அதில் மாற்றம் தெரிவது உண்டு.

வராவிட்டால்: மரபணு வழியில் யாரையும் விடுவிக்க முடியாது. முதல் நிலை உறவினர் எல்லோரும் எக்கோ வழியில்தான் தொடர வேண்டும். கூடவே பேனலில் ஜிஎல்ஏ, டிடிஆர், பிஆர்கேஏஜி2, லாம்ப்2 மரபணுக்கள் இருந்தனவா என்று பாருங்கள். தடித்த இதயமாகத் தெரிவது ஃபேப்ரி நோயாகவோ அமிலாய்டாகவோ (இதயத்தில் கொழுப்போ புரதமோ படியும் நோய்கள்) இருந்தால் சிகிச்சையே வேறு.

டெல்டா 25 மட்டும் இருந்து எக்கோ இயல்பாக இருக்கும் உறவினர்களைப் பயமுறுத்தாதீர்கள். வேலை, விளையாட்டு, திருமணம் எதற்கும் அதைக் காரணமாக்க வேண்டாம். டெல்டா 25 உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் டி389வி என்ற இன்னொரு மாற்றமும் கூட இருப்பதாகவும், அவர்களின் இதயம் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குவதாகவும் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் செய்த 2018 ஆய்வு காட்டியது. அது மட்டுமே நோய் ஆகாது.

பதில் 5: கர்ப்பகால_மரபியல்

உதாரணத்தில் எனக்கு அவசரமாகத் தெரிவது மனைவிதான். அவர் அக்கா மகள். கணவரிடம் மைனஸ் 52 இருந்தால், அக்காவுக்கு அது இருக்க 50 சதவீதம், அக்கா மகளுக்கு 25 சதவீதம். மாமன் மகளாக இருந்தால் எட்டில் ஒன்று. மனைவியின் எக்கோ இப்போது இயல்பாக இருக்கலாம், இளம் வயதில் அது எதையும் விலக்காது.

இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் கெட்டதாக வரும். எம்ஒய்பிபிசி3-இன் இரண்டு பிரதியும் முறிந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் இதயம் செயலிழக்கிறது. பலர் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. 20-ஆவது வார ஸ்கேனில் இதயம் இயல்பாகத் தெரியலாம் என்பதால் அதை நம்பி இருக்க முடியாது.

எனவே வரிசை இப்படி: கணவரின் மைனஸ் 52 முடிவு இந்த வாரமே. இருந்தால் அன்றே மனைவியின் ரத்தம். இருவருக்கும் இருந்தால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு, அந்தக் காலம் கடந்திருந்தால் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர். மாதிரியோடு பெற்றோர் இருவரின் டிஎன்ஏவையும் அனுப்புங்கள். தாயின் செல் கலந்திருக்கிறதா என்று லேப் கட்டாயம் பார்க்க வேண்டும். கலந்திருந்தால் கெட்ட இரண்டு பிரதி உள்ள கருவும் ஹெட்டிரோசைகஸ் போலத் தெரியும்.

டெல்டா 25-க்கும் ஒரு கணக்கு உண்டு. சுமப்பவர் 4 சதவீதம் என்றால் பிரதி அளவில் 2 சதவீதம். உறவில்லாத தம்பதியின் குழந்தைக்கு இரண்டு பிரதியும் டெல்டா 25 ஆக வர 10,000-க்கு 4 வாய்ப்பு. மாமன் - அக்கா மகள் திருமணத்தில் அது 10,000-க்கு ஏறத்தாழ 28. அப்படிப் பிறந்தவர்களை மட்டும் எக்கோவில் தொடர்ந்து பார்ப்பது நியாயம், கர்ப்பத்தில் அதற்காக ஊசி போட வேண்டிய தேவை இல்லை.

மரபியல்_மாணவி

ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பும்போது லேபுக்கு எப்படி எழுதலாம்?

பதில் 6: பைப்லைன்_பார்ப்பவர்

இப்படி: 'எம்ஒய்பிபிசி3 சி.1224-52 இடத்தில் ரீட் எண்ணிக்கை எத்தனை, மாற்று எழுத்து எத்தனை என்று தெரிவிக்கவும். 20-க்குக் குறைவாக இருந்தால் சாங்கர் செய்து தரவும். முடிவு எதுவானாலும் இந்த இடம் பார்க்கப்பட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதவும்.' கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். 'பேனல் நெகட்டிவ்' என்ற இரண்டு சொல்லில் பார்க்காததும் இல்லாததும் ஒன்றாகத் தெரியும். கர்ப்பம் எத்தனை வாரம் என்பதையும் முதல் வரியிலேயே போடுங்கள், மாதிரியை முன்னுக்கு எடுப்பார்கள்.