குப்புறமா, மல்லாக்கவா? அம்மா ஒன்று சொல்கிறார், நர்ஸ் ஒன்று சொல்கிறார்

இரவுக்காவலன்:

மகளுக்கு நேற்றோடு நான்கு மாதம் முடிந்தது. வீட்டில் இப்போது ஒரே ஒரு சண்டைதான். தூங்கப் போடும்போது மல்லாக்கவா, குப்புறவா?

பிரசவ வார்டில் நர்ஸ் சொல்லி அனுப்பியதில் குழப்பமே இல்லை. எப்போதும் மல்லாக்க, கெட்டியான மெத்தை, பக்கத்தில் தலையணையோ பொம்மையோ கூடாது. நானும் மனைவியும் அப்படியே செய்துகொண்டிருந்தோம். அம்மா வந்தார். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் குழந்தை குப்புறக் கிடக்கிறது. அது தானாகத் திரும்பும் வயதில்லை. திருப்பியது யார் என்று கேட்கவும் வேண்டியதில்லை.

"மல்லாக்கப் படுத்தா கக்கினது மூச்சுக்குழாயில போய் அடைச்சுக்கும். உன்னைக் குப்புறத்தான் போடச் சொன்னார் டாக்டர்" என்கிறார். சும்மா சொல்லவில்லை. 1986-ல் அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தே காட்டினார். மடிப்பில் கிழிந்து, மை பழுப்பேறிப் போயிருக்கிறது. "தூக்கம்: குப்புற" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார் மனிதர். ஒன்றில்லை, இரண்டு கோடு.

அதனால் என் கேள்வி படுக்கையைப் பற்றி மட்டும் இல்லை. அன்றைக்கு இரண்டு கோடு போட்டுச் சொன்னதும் மருத்துவம்தான், இன்றைக்கு நேர் எதிராகச் சொல்வதும் மருத்துவம்தான். அம்மா கடைசியாகக் கேட்டதற்கு எனக்குப் பதில் இல்லை: "உன் பிள்ளை வளர்ந்து பிள்ளை பெறும்போது இதையும் மாத்திச் சொல்ல மாட்டாங்களா?"

இரட்டைக்குழந்தைகாரி:

மல்லாக்க. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள், கழுத்துக்கு நல்லது. அந்த வேலையை உங்கள் அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாமியாரோடு சமாதானம் ஆனது அப்படித்தான்.

பழைய பிப்பெட்:

தம்பி, படுக்கை விஷயத்தில் மேலே சொன்னதுதான் சரி. உங்கள் அம்மாவின் கடைசிக் கேள்விக்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு அல்சர். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அது எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருந்தது. "கவலையும் கோபமும்தான் காரணம், அமிலம் சுரந்து வயிற்றை அரிக்கிறது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் அதைத்தான் சொன்னார்கள். அப்பா முன்கோபி. ஆகவே எல்லாம் பொருந்திப் போயிற்று. அவர் வரும் நேரம் ரேடியோவை அணைத்துவிடுவோம். நான் மார்க் குறைந்தால் அதை அம்மா மறைத்து வைப்பார், அவருக்குக் கோபம் வந்தால் வயிறு வலிக்கும் என்று. ஒரு தடவை அவர் ரத்த வாந்தி எடுத்தார். அதற்கு முந்தின நாள் நான் சைக்கிளைத் தொலைத்திருந்தேன். அந்த இரண்டையும் முடிச்சுப் போட யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது.

மாத்திரை சாப்பிட்டால் குறையும், நிறுத்தினால் திரும்பி வரும். திரும்பி வந்தால் "மறுபடியும் டென்ஷன் ஆகிவிட்டார்" என்போம். அப்போது மாத்திரையின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அவர் குணத்தின் மேல்தான் வந்தது.

பிறகு நான் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியன் ஆனேன். முப்பது வருடம் கிருமி வளர்க்கும் தட்டுகளோடுதான் வாழ்க்கை. மாதிரியைத் தட்டில் தீற்றி இன்குபேட்டரில் வைப்போம். இரண்டு நாள் பார்ப்போம். ஒன்றும் முளைக்கவில்லையா, "வளர்ச்சி இல்லை" என்று எழுதிவிட்டு, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு எறிந்துவிடுவோம். அதுதான் விதி. விதி என்றால் நல்ல காரணத்தோடு வந்த விதி. நோய் உண்டாக்கும் கிருமிகளில் நாங்கள் வழக்கமாகத் தேடுகிறவை பெரும்பாலும் அதற்குள் முளைத்துவிடும், இடமும் வேண்டுமே.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்று இரண்டு பேர். வாரன் நோய்க்குறியியல் டாக்டர், அதாவது உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளைச் சோதித்து நோய் கண்டறிகிறவர். இரைப்பைத் துணுக்குகளில் சுருள் சுருளான கிருமிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும், மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. எல்லாம் இரண்டே நாளில் குப்பைக்குப் போனவை. 1982 ஈஸ்டர் வந்தது. நீண்ட விடுமுறை, லேபில் வேறு வேலை நெருக்கடி. ஒரு தட்டை எறிய மறந்து ஐந்தாறு நாள் அப்படியே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் முளைத்திருக்கிறது. மெதுவாக வளர்கிற ஜாதி, அவ்வளவுதான். இப்போது அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி.

இதை முதல்முறை படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. நான் எத்தனை தட்டு எறிந்திருப்பேன்! (உண்மையைச் சொன்னால், என் தட்டுகளில் அது முளைத்திருக்காது. ஆக்சிஜன் குறைந்த ஜாடியில் வைத்தால்தான் வரும். ஆனாலும் கை கூசுமல்லவா.)

யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பி செய்தால், அதாவது வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தால், இரைப்பை வீங்கிச் சிவந்திருக்கிறது, உள்ளே அதே கிருமி. அப்படியும் 1994-ல்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கிருமி இருக்கிற அல்சர்காரர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுங்கள் என்றது. நோபல் பரிசு 2005-ல்.

என் அப்பாவுக்கு 1996-ல் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். அரிசிமணி அளவுகூட இல்லாத துணுக்கு. அதை மஞ்சள் நிற ஜெல்லில் அமுக்கி வைப்பார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து அம்மோனியா விடும், ஜெல் ரோஸ் நிறமாகும். அந்த லேபில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்ததால் பக்கத்திலேயே நின்றேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. துணுக்கைச் சுற்றி முதலில் ஒரு வளையம், அப்புறம் குழி முழுக்க ரோஸ். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏனோ அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் மாத்திரை. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார், அல்சர் திரும்பவே இல்லை. கோபம் மட்டும் கடைசி வரை குறையவில்லை. நாங்களும் ரேடியோவை அணைப்பதை நிறுத்திவிட்டோம்.

எண்ணிப்பார்:

பிப்பெட் ஐயா, அருமை. நான் படுக்கை விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் அங்கே நடந்தது இதைவிட மோசம்.

இரவுக்காவலன், உங்கள் அம்மாவின் டாக்டர் மேல் தப்பில்லை. 1950களிலிருந்து மேலை நாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்கள் பலவும் குப்புறப் போடச் சொன்னவை. காரணம், உங்கள் அம்மா சொன்ன அதே காரணம். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் உடம்பின் அமைப்பு வேறு. மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே. கக்குவது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போவது கடினம். குப்புறப் போட்டால் இது தலைகீழ்: மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். அம்மாவுக்கு இதை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்பார்கள். பிரிட்டனில் 1991 முடிவிலும் அமெரிக்காவில் 1994-லும் "மல்லாக்கப் போடுங்கள்" என்று பிரசாரம் தொடங்கினார்கள். பிரிட்டனில் சில வருடங்களிலேயே அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே போயின, அமெரிக்காவிலும் ஏறக்குறைய பாதியாயின. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. புரட்டிப் போட்டதுதான்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. 2005-ல் சிலர் பழைய ஆய்வுகளையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். 1970 வரை வெளியாகியிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருந்தாலே குப்புறத் தூக்கம் ஆபத்து என்று தெரிந்திருக்கும். யாரும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் அம்மாவின் சீட்டு 1986. பதினாறு வருடம் தாமதம்.

இதோடு இன்னொன்று. சாலி கிளார்க் என்ற பிரிட்டிஷ் பெண்ணின் இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று வழக்கு. ஒரு குழந்தை இப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று, இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதனாலேயே பெருக்கு, 7.3 கோடியில் ஒன்று, ஆகவே தற்செயலாக நடந்திருக்காது என்றார் சாட்சி சொன்ன பெரிய டாக்டர். 1999-ல் ஆயுள் தண்டனை. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே மரபணு. முதல் குழந்தைக்கு நடந்ததற்கும் இரண்டாவதற்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். 2001-ல் அரச புள்ளியியல் கழகம் இதைக் கண்டித்து அறிக்கை விட்டது. 2003-ல் விடுதலை ஆனார். 2007-ல் இறந்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பெருக்கல்தான், ஆனாலும் அது நீதிமன்றம் வரை போயிற்று.

சந்தேகி:

எல்லாம் சரி. நீங்கள் சொல்கிற எல்லாக் கதையிலும் பெரிய டாக்டர்கள்தான் தப்பு. அப்புறம் இன்றைய பெரிய டாக்டரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறதே. எங்களை எல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறோம்.

எண்ணிப்பார்:

நன்றாக இருப்பவர்கள்தான் இங்கே வந்து எழுத முடியும், நண்பரே.

பழைய பிப்பெட்:

சந்தேகி கேட்பது நியாயம். நான் ஆளைப் பார்ப்பதில்லை, அவர் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். "கக்கினால் அடைக்கும்" என்பது யோசித்துச் சொன்னது. நல்ல மூளை, நல்ல எண்ணம், ஆனால் குப்புறப் போட்ட குழந்தைகள் எத்தனை, மல்லாக்கப் போட்டவை எத்தனை, இரண்டிலும் எத்தனை போயின என்று எண்ணிவிட்டுச் சொன்னது அல்ல. "கோபத்தால் அல்சர்" என்பதும் அப்படித்தான். இன்றைக்கு மல்லாக்க என்பது பல நாடுகளில் எண்ணிவிட்டுச் சொன்னது. பிரசாரம் செய்த பிறகு மறுபடி எண்ணியும் பார்த்தாயிற்று.

மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. அல்சர் கதையே இன்னும் முடியவில்லை. உலகத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் வயிற்றில் அந்தக் கிருமி இருந்திருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் புண்ணே வருவதில்லை. வலி மாத்திரைகளாலும் அல்சர் வரும். மன அழுத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே என் அப்பாவின் கோபம் முழுக்க நிரபராதி என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அதற்கு மட்டும்தான் தண்டனை கிடைத்தது.

உங்கள் அம்மாவிடம் "டாக்டர் தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள் தம்பி. அந்தச் சீட்டை நாற்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தவர் அவர். இரண்டு கோட்டையும் விடாமல் கேட்டு நடந்தவர்.

இரவுக்காவலன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், தூக்கம் இல்லை.

எண்ணிப்பார் சொன்னபடி இரண்டு குழாய்களையும் வரைந்து காட்டினேன். அம்மா தாளைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த டாக்டருக்கு இந்தக் குழாய் எங்கே இருக்குன்னு தெரியாதா?" என்றார். தெரிந்திருக்கும், ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து குழந்தையைத் திருப்பவில்லை. மாறாக ராத்திரி இரண்டு தடவை எழுந்து, அவள் மல்லாக்கத்தான் கிடக்கிறாளா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். அந்த வெளிச்சத்தில் குழந்தை எழுந்துகொள்கிறது.

நேற்று ராத்திரி பெரிய கூத்து. அம்மா சத்தம் போட்டு எங்களை எழுப்பினார். ஓடிப் போய்ப் பார்த்தால் மகள் தானாகவே குப்புறப் புரண்டு, தலையைத் தூக்கி, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் நர்ஸுக்குப் போன் செய்தேன். போடும்போது மல்லாக்கப் போடுங்கள், இரண்டு பக்கமும் தானாகப் புரளக் கற்றுக்கொண்ட பிறகு புரண்டால் அப்படியே விட்டுவிடலாம் என்றார்.

அம்மா அந்தப் பழைய சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் இதை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தேதியும் போடச் சொன்னார்.