400 கி.மீ. பி.ஆர்.எம்.: மிதித்துக்கொண்டே எடுக்க வேண்டிய பொருள்களை எங்கே வைப்பது?

கேள்வி: ஏரிக்கரை மிதிவண்டி

அனைவருக்கும் வணக்கம். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்னும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களில் 200, 300 கி.மீ. தூரங்களை முடித்துவிட்டு, அடுத்ததாக 400-க்குப் பதிவு செய்திருக்கிறேன். தாம்பரத்தில் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிச் சென்று, அதே வழியில் திரும்பும் பாதை. இதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 27 மணி. திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான திரும்பும் பகுதி எனக்கு நடுநிசிக்குப் பிறகுதான் வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

இப்போது என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பை, இரண்டு தண்ணீர் பாட்டில்கள், என் ஜெர்சியின் முதுகுப்புறத்தில் மூன்று பாக்கெட்டுகள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. ஒரு பேரீச்சம்பழம் வேண்டுமென்றாலும் இறங்கிப் பின்பையைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதனால் "அடுத்த ஊரில் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் பழக்கம் வந்துவிடுகிறது. முன்பக்கத்தில் எந்த வகைப் பை பொருத்துவது நல்லது? நம் வெயிலில் கெடாமலும் உருகாமலும் இருக்கும் உணவு எது? பஞ்சர் சாமான்கள், பவர் பேங்க், பணம், வழியில் முத்திரை வாங்க வேண்டிய பிரெவே கார்டு ஆகியவற்றை எங்கே வைக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: இரவுச்சக்கரம்

நண்பரே, பை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எல்லாப் பொருள்களையும் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிலையில் தேவைப்படும் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். மிதித்துக்கொண்டே எடுப்பவை, ஒரு காலை ஊன்றி நின்று எடுப்பவை, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு எடுப்பவை என்று மூன்றே நிலைகள்தான் உண்டு. உணவு, மருந்து, கருவி என்று வகை பிரித்து அடுக்குவது வீட்டு அலமாரிக்குப் பொருந்தும். வண்டியில் அப்படி அடுக்கினால், மணிக்கு இரண்டு முறை வேண்டிய பேரீச்சம்பழமும் இரவு ஒருமுறை வேண்டிய சமோசாவும் ஒரே பைக்குள் போய்விடும்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. சராசரியாக மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால், 400 கி.மீ.க்கு 20 மணி நேரம் ஆகும். மீதியிருக்கும் 7 மணி நேரத்தில்தான் கன்ட்ரோல்களில் (வழியிலுள்ள சோதனை இடங்களில்) முத்திரை வாங்குவது, சாப்பாடு, பஞ்சர், கழிப்பறை, சற்றுக் கண்ணயர்வது எல்லாம் அடங்க வேண்டும். உணவு எடுப்பதற்கென்று மட்டும் மணிக்கு ஐந்து நிமிடம் நின்றால் 100 நிமிடம் போய்விடும்; அந்த நேரத்துக்குத் திண்டிவனத்தில் படுத்துத் தூங்கலாம்.

நேரத்தைவிட முக்கியமானது உடம்பின் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். நீண்ட பயணத்தில் அது சில மணி நேரத்திலேயே பெருமளவு கரைந்துவிடும். அதை ஈடுகட்ட மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் என்று பிரித்துக் கொடுத்தால்தான் குடல் ஏற்றுக்கொள்ளும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்க முடியாது என்பதால்தான் உணவு கைக்கெட்ட இருக்க வேண்டும் என்கிறோம்.

முன்பக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது, ஹேண்டில்பாருக்கும், அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்முக்கும் இடையிலான மூலையில் கட்டும் குவளை வடிவச் சிறு பை. கடைகளில் ஃபீட் பேக் அல்லது ஸ்டெம் பேக் என்று கேட்டால் தருவார்கள். வாயில் சுருக்குக்கயிறு இருப்பதால் ஒரே கையால் திறக்கலாம், மூடலாம். எழுந்து நின்று மிதிக்கும்போது முழங்கால் அதில் இடிக்கிறதா என்பதைக் கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஃபிரேமின் மேல்கம்பியான டாப் ட்யூபின் மேல் படுத்திருக்கும் நீளப் பையும் நல்லதுதான். ஆனால் அகலமானதை வாங்கினால் தொடையின் உட்புறம் உரசி, மாலைக்குள் தோல் வழன்றுவிடும். அதன் ஜிப்புகளுக்கு இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஜிப்பின் நுனியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நூல்கயிற்று வளையம் கட்டிவிட்டால், கையுறையோடும் இழுக்கலாம். வியர்வை சொட்டி உப்புப் படிந்தால் ஜிப் இறுகிக்கொள்ளும் என்பதால், புறப்படும் முன் மெழுகுவர்த்தித் துண்டை அதன் பற்களில் தேய்த்துவிடுங்கள்.

ஃபிரேமின் முக்கோணத்துக்குள் பொருத்தும் பை வாங்குவதாக இருந்தால், இடப்பக்கமும் ஜிப் உள்ளதாகப் பாருங்கள். நம் ஊரில் இடது ஓரத்தில்தான் நிற்கிறோம். ஊன்றுவதும் இடது கால். இடப்பக்கம் இறங்கி நின்றால் போக்குவரத்துக்கும் நமக்கும் நடுவில் வண்டி இருக்கும். வலப்பக்கம் திறக்கும் பையாக இருந்தால், லாரிகள் போகும் பக்கம் சுற்றிப்போய் நின்று துழாவ நேரிடும். பவர் பேங்க் போன்ற கனமான பொருள்களுக்கு இந்தப் பைதான் சரியான இடம், ஏனென்றால் பாரம் தாழ்வாகவும் நடுவிலும் இருந்தால் எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் வண்டி அலைக்கழியாது.

பின்பையில் எதை எங்கே வைக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. கனமானவை சீட் கம்பியை ஒட்டி உள்ளேயும், மழைக்கோட்டு போன்ற இலேசானவை வால்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது பை வாலாட்டும். மாற்று ட்யூபை அப்படியே கருவிகளோடு போட்டால், மல்டி-டூலின் முனை உரசி உரசி அதில் ஓட்டை விழும். ட்யூபை ஒரு பழைய சாக்ஸுக்குள் நுழைத்து வையுங்கள். செயின் கழன்றால் அதே சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம்.

உணவைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு பாட்டிலில் கரைத்த சர்க்கரைதான். 750 மி.லி. தண்ணீரில் 45 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு போதும். சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி இருப்பதால், விலையுயர்ந்த பானப் பொடிகள் செய்யும் வேலையில் பெரும்பங்கை அதுவே செய்துவிடும். இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் இருக்கட்டும், தலையில் ஊற்றிக்கொள்ளவும் உதவும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராமில் 75 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. வெயிலில் அதற்கு ஒன்றும் ஆகாது. சாக்லேட் தடவிய பார்களை நம் ஊருக்குக் கொண்டுவராதீர்கள்; பத்து மணிக்கு மேல் அவற்றைக் கரண்டியால்தான் சாப்பிட முடியும். கடலைமிட்டாய் நல்ல பண்டம்தான், ஆனால் அதிலுள்ள எண்ணெய்ச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும் என்பதால், மெதுவாகப் போகும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு திகட்டிப்போகும் நேரம் கட்டாயம் வரும். அப்போதைக்கு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய மினி இட்லிகளை நான்கு நான்காக வாழையிலையில் சுற்றிக் கொண்டுபோங்கள். அவற்றை நண்பகலுக்குள் தீர்த்துவிட வேண்டும். புளியோதரை அதைவிட நேரம் தாங்கும், ஆனால் ஒரு கையால் சாப்பிட வராது. அது நின்று சாப்பிடும் உணவு. எந்த உணவானாலும் அதன் உறையை வீட்டிலேயே பிரித்துவிட்டுப் பையில் போடுங்கள், ஏனென்றால் பல்லால் கடித்துப் பிளாஸ்டிக்கைக் கிழிக்கும் நொடியில்தான் வண்டி சாலையின் நடுவுக்குப் போகும்.

மறுமொழி: டீக்கடை ஓரம்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன்; அளவில்தான் வேறுபாடு. ஜி.எஸ்.டி. சாலை ஆளரவமற்ற மலைப்பாதை அல்ல. மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன; விக்கிரவாண்டியைச் சுற்றி இரவெல்லாம் பேருந்துகள் நின்று போகும் உணவகங்கள் இருக்கின்றன. பகலில் மூன்று மணி நேரத்துக்கு வேண்டிய உணவைத் தாண்டிச் சுமப்பது வீண் பாரம். வாழைப்பழத்தைப் பையில் வைத்துக் கூழாக்குவதைவிட, கடையில் தொங்கும் தாரிலிருந்து இரண்டைப் பிய்த்து அங்கேயே தின்றுவிட்டுப் புறப்படுவது மேல். இரவுக்கு மட்டும் கணக்கை மாற்றுங்கள்: விழுப்புரத்தை விடும்போது முன்பக்கப் பை நிறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டு மணிக்கு மேல் திறந்திருக்கும் கடையில் டீயும் பிஸ்கட்டும் தவிர வேறு கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பி.ஆர்.எம். விதிப்படி துணை வாகனம் பின்தொடரக் கூடாது. கன்ட்ரோல்களில் மட்டுமே வெளியாரின் உதவியைப் பெறலாம். ஆகவே, வீட்டார் யாராவது காரில் வருவதாக இருந்தால், உணவைக் கன்ட்ரோலில் வாங்கிக்கொள்ளத் திட்டமிடுங்கள். பாதை நடுவில் வாங்கினால் தகுதிநீக்கம் செய்யப்படலாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. செல்பேசியில் பணம் செலுத்தலாம் என்று நம்பியிருந்தால், சார்ஜ் தீர்ந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ டீ கூடக் கிடைக்காது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் இடது பாக்கெட்டில் இருக்கட்டும். இரவில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தருபவர் அரிது.

மறுமொழி: உப்பளக்காற்று

இரு சகோதரர்களும் உணவை விரிவாகச் சொல்லிவிட்டதால், விட்டுப்போனவற்றை மட்டும் எழுதுகிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லோரும் எடுத்துப்போகிறார்கள், ஆனால் அதை உணவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அது உப்புக்காக இருக்கிறதே தவிர, மிதிக்கும் சக்திக்காக இல்லை. மறுபுறம், வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆபத்தான நிலைக்கே போகலாம். இரண்டு பாக்கெட்டுகளை ஜெர்சிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பும் இடத்திலேயே கலந்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. நாப்கின், சிறு சோப்புத் துண்டு, மடித்த செய்தித்தாள் ஆகிய மூன்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரை ஃபிரேம் பையின் இடப்பக்கத்தில் தனியாக வையுங்கள். பெட்ரோல் பங்கில் நின்றால் அந்தக் கவரை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். பங்க் வாசலில் பின்பையைக் கொட்டித் தேட வேண்டியதில்லை. உராய்வுக்குத் தடவும் களிம்பையும் பெரிய ட்யூபாகக் கொண்டுபோகாமல், விரல் நுழையும் வாயுள்ள சிறு டப்பாவில் மாற்றி அதே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

பிரதிபலிக்கும் அங்கியை இரவில் அணிந்தே ஆக வேண்டும். அதை ஜெர்சிக்கு மேல் போட்டவுடன் முதுகுப்புறப் பாக்கெட்டுகள் மூடிப்போகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே இருட்டுவதற்கு முன்பே முதுகில் இருக்கும் உணவை முன்பைக்கு மாற்றிவிடுங்கள். மாற்று விளக்கு, தலைவிளக்கு ஆகியவையும் பின்பையின் அடியில் இருக்கக் கூடாது. முன்விளக்கு அணைந்த இருட்டில் அவற்றைத் தேட இன்னொரு விளக்கு வேண்டியிருக்கும்.

மீண்டும் கேள்வி: ஏரிக்கரை மிதிவண்டி

மூவருக்கும் நன்றி. ஸ்டெம் பேக் ஒன்றும் இருபுறம் ஜிப் உள்ள ஃபிரேம் பை ஒன்றும் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஃபிரேம் பை வந்தால் பெரிய பாட்டில்களை உருவ முடியாது போலிருக்கிறது. அதற்கு என்ன செய்வது? பிரெவே கார்டையும் ரசீதுகளையும் வியர்வையிலிருந்து எப்படிக் காப்பது?

மறுமொழி: இரவுச்சக்கரம்

ஃபிரேம் பையில் முக்கோணத்தின் மேற்பாதியை மட்டும் நிரப்பும் அரைப் பை கிடைக்கும். அதை வாங்கினால் சிறிய பாட்டில்கள் கீழே நிற்கும். பக்கவாட்டில் உருவும் பாட்டில் கூண்டு பொருத்தினால் 750 மி.லி.யும் வரும். ஸ்டெம் பேக்குகளில் இரண்டாவது ஒன்றை மறுபுறம் கட்டி, அதில் ஒரு பாட்டிலை வைப்பவர்களும் உண்டு. ஃபிரேமின் கீழ்ச்சாய்வுக் கம்பியான டௌன் ட்யூபுக்கு அடியில் மூன்றாவது கூண்டு பொருத்தலாம், ஆனால் முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு பாட்டில் வாயில் படியும் என்பதால், அங்கே மூடியோடு கூடிய கருவி டப்பாவை வைப்பதே சரி.

கார்டை ஜிப் கவரில் போட்டு ஃபிரேம் பையின் இடப்பக்கத் தட்டைப் பகுதியில் வையுங்கள். ஜெர்சிப் பாக்கெட்டில் வைத்தால் ஜிப் கவருக்குள்ளும் ஈரம் இறங்கிவிடுகிறது. கன்ட்ரோலைக் கடந்த நேரத்துக்குச் சான்றாக வைக்கும் ஏ.டி.எம். சீட்டுகளையும் கடை ரசீதுகளையும் பொறுத்தவரை, அவை வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால், வெயிலில் சூடேறிய பையில் கறுத்துப்போகும், நாளடைவில் எழுத்தும் மங்கும். வாங்கியவுடன் செல்பேசியில் படமெடுத்துவிட்டு, நேரத்தைக் கார்டில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா என்றால் பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா ஈரம் பட்டால் ஊறிவிடும்.

ஒரு கையால் சாப்பிடும்போது, பின்சக்கர பிரேக் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையைப் பிடியில் வைத்து, மற்றக் கையால் எடுக்கப் பழகுங்கள். ஒற்றைக் கையால் முன்பிரேக்கை அழுத்தினால் ஹேண்டில் திரும்பிவிடும். ஸ்டெம் பேக்கை எந்தப் பக்கம் கட்டுவது என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகும். புது ஏற்பாட்டை நேரடியாக 400-க்குக் கொண்டுபோகாமல், மாமல்லபுரம் வரை ஒரு காலை போய்வந்து, எந்தப் பொருளுக்குக் கை தடுமாறுகிறது என்று பார்த்துவிடுங்கள்.