உறைபனி நாளைக் கணக்கிட்டுச் சின்ன வெங்காயம் நடுவது: வழிகாட்டுதல் தேவை

வணக்கம். குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும் பகுதியில் சின்ன வெங்காயம் பயிரிடுகிறேன். இலையுதிர் காலத்தில் நட்டால் பூத்தண்டு கிளம்பிவிடுகிறது. வசந்தத்தில் நட்டால் காய் சிறுத்துப்போகிறது.

இங்கு முதல் உறைபனி அக்டோபர் நடுவிலும் கடைசி உறைபனி ஏப்ரல் இறுதியிலும் விழும். ஆனால் மண் உறைவது நவம்பர் கடைசியில்தான். களிமண் கலந்த மேட்டுப்பாத்தி. விதைக் காய்களை 15 செ.மீ. இடைவெளியில், நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஊன்றுகிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் நட்டவை குளிருக்கு முன்பே தழைத்து வளர்ந்ததால், பின்னர் தொடர்ந்த நீண்ட குளிர் அவற்றைப் பூக்கத் தூண்டிவிட்டது. நவம்பர் நடுவில் நட்டவை வேர் பிடிக்கவில்லை. மண் உறைவதும் இளகுவதுமாக இருந்து காய்களை மேலே தள்ளிவிட, வைக்கோல் மூடாக்கு இட்டும் பாதிதான் தங்கின. கடைசி உறைபனி கழிந்தபின் நட்டவையோ, பகல் நீண்டதும், போதிய இலை விடுவதற்கு முன்னரே காய் கட்டத் தொடங்கின. பெரிய காய்களை ஒதுக்கிச் சிறியவற்றை மட்டும் ஊன்றியதில் பூத்தண்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை. தண்டைக் கிள்ளிவிடுவதும் காயின் பருமனை மீட்டுத் தரவில்லை என்பதால் அந்த யோசனை வேண்டாம்.

நடவுக்கு 4 முதல் 6 வாரங்கள் பின்னோக்கி எண்ண வேண்டும் என்கிறார்களே, இத்தகைய இடத்தில் அதை முதல் உறைபனி நாளிலிருந்து எண்ணுவதா, மண் உறையும் நாளிலிருந்து எண்ணுவதா?