பதிவா, பெயர்ப்பதிவா, பெயர் கொடுப்பதா?

வணக்கம்.

மாணவர்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் பெயர் சேர்க்கும் தளம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று போன மடலில் எழுதியிருந்தேன். ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான் 'பதிவு' இருக்கிறதே, இதற்கு ஏன் ஒரு விவாதம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன்.

முதல் பதிப்பில், கணக்கு தொடங்கும் பக்கத்தில் 'பதிவு செய்' என்று ஒரு பொத்தான். நிகழ்ச்சியின் பக்கத்திலும் 'பதிவு செய்'. கணக்கு தொடங்கியதும் 'உங்கள் பதிவு முடிந்தது' என்று பச்சைப் பெட்டி ஒன்று வரும். அதைப் பார்த்ததும் பலர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? முடிந்தது என்று நாங்கள்தானே சொன்னோம்! நிகழ்ச்சியன்று வாசலில் வந்து நின்றால், பட்டியலில் பெயர் இல்லை. ஆங்கில முகப்பில் சைன் அப் வேறு, ரெஜிஸ்டர் வேறு. தமிழாக்கும்போது இரண்டையும் ஒரே சொல்லில் கொட்டியவன் நான்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தரவுத்தளத்தில் இருக்கும் ரெக்கார்டும் பதிவு. வழங்கி (சர்வர்) தன்னில் நடப்பதையெல்லாம் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் லாகும் பதிவு. வலைப்பூவில் எழுதினால் பதிவு, குரலைப் பிடித்தால் ஒலிப்பதிவு, ஆள் வந்ததைக் குறித்தால் வருகைப்பதிவு. நிர்வாகப் பக்கத்தில் 'பதிவை நீக்கு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தோம். ஒரு மாணவி தன்னால் வர முடியாது என்று சொன்னதும், தன்னார்வலர் ஒருவர் அதை அழுத்திவிட்டார். ஓர் இடம் காலியாகும் என்பது அவர் கணக்கு. போனதோ அந்த மாணவியின் மொத்த விவரமும், முந்தைய நிகழ்ச்சிகளுக்கு வந்துபோன குறிப்பு உட்பட. (ரத்து செய்தால் ரெக்கார்டை அழிக்காமல் அதன் நிலையை மட்டும் மாற்றவேண்டும் என்பது நிரலில் செய்யவேண்டிய திருத்தம். அதைச் செய்துவிட்டோம். சொல்லைத்தான் இன்னும் திருத்தவில்லை.)

> 'முன்பதிவு' எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்தால் என்ன?

நானும் முதலில் அதற்குத்தான் சாய்ந்தேன். ஆனால் இடம் மீந்திருந்தால் நிகழ்ச்சி நடக்கும் நாளிலேயே, வாசலில் வைத்தும் ஆள் சேர்க்கிறோம். தொடங்கிப் பத்து நிமிடம் ஆனபின் வந்து நிற்பவரிடம் 'முன்பதிவு செய்யுங்கள்' என்று கைபேசியை நீட்டினால் சிரிப்பார். தவிர, முன்பதிவு என்றதும் இடம் பிடித்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே 40 இடத்துக்கு 60 பேர் கேட்கக்கூடும்.

> 'பதிகை' பற்றி யோசித்தீர்களா?

யோசித்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் புகுபதிகையும் விடுபதிகையும் நன்றாகவே நிலைத்துவிட்டன. அந்தக் குடும்பத்தில் பதிகை என்றால் உள்ளே வருவதும் வெளியே போவதும். நிகழ்ச்சிக்கும் அதையே வைத்தால், பச்சைப் பெட்டிக் கதை திரும்பவும் நடக்கும்.

என் முன்மொழிவு இது: மாணவர் அழுத்தும் பொத்தானில் 'பெயர் கொடு'.

பேச்சில் நாம் என்ன கேட்கிறோம்? 'போட்டிக்குப் பேர் கொடுத்துட்டியா?' என்றுதான். 'பதிவு செய்துவிட்டாயா?' என்று ஒரு மாணவன் இன்னொரு மாணவனிடம் கேட்டு நான் கேட்டதில்லை. பொருளும் கச்சிதமாக உட்காருகிறது. பெயர் கொடுத்தவர் வர விரும்புகிறார், அவ்வளவுதான். இடம் உறுதி என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பெயர் கொடுத்தும் கிடைக்காமல் போவது நமக்குப் புதிதல்ல. மென்பொருளில் அந்தக் கட்டத்தில் இருக்கும் நிலையும் அதுவேதான்.

> பெயர் கொடுப்பது என்றால் பெயரிடுவது என்று படாதா?

படாது. அதற்குப் பெயர் வைப்பதும் சூட்டுவதும் இருக்கின்றன. நான் வழுக்கியது இதன் எதிர்ச்சொல்லில். ரத்து செய்யும் பொத்தானுக்குப் 'பெயரை எடு' என்று எழுதிப் பார்த்தேன். பெயர் எடுப்பது என்றால் புகழ் சம்பாதிப்பதல்லவா! வராமலே பெயர் எடுத்துவிடுவார்கள். அதனால் 'விலகு' போதும் என்று விட்டுவிட்டேன்.

> பொத்தானுக்குச் சரி. ஆவணத்தில் 'பெயர் கொடுத்தல் முறைமை' என்றா எழுதுவது?

வேண்டாம். ஆவணத்திலும் நிர்வாகப் பக்கத் தலைப்பிலும் 'பெயர்ப்பதிவு' இருக்கட்டும். ஏவலுக்கு ஒரு சொல், பெயர்ச்சொல்லுக்கு இன்னொன்று என்று இருந்தால் குடி முழுகிவிடாது. வெறும் 'பதிவு' என்பதை ரெக்கார்டுக்கே விட்டுவிடலாம். அதை நிரலாளர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். கணக்குப் பக்கத்தில் 'கணக்கு தொடங்கு'. வாசலில் தன்னார்வலர் அழுத்தும் பொத்தானில் 'வந்துவிட்டார்'. செக்-இன் என்பதற்குச் சொல் தேடி ஒரு வாரம் போனது. அந்தப் பொத்தானை அழுத்துபவர் மாணவர் இல்லை, அவரைப் பார்ப்பவர் என்று உறைத்ததும் சொல் தானாக வந்துவிட்டது.

அப்புறம், வெயிட் லிஸ்ட். 'காத்திருப்போர் பட்டியல்' நல்ல தமிழ், பழகிய தமிழ். ஆனால் இதைக் குறுஞ்செய்தியில் அனுப்பவேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் என்றால், தமிழில் எழுதும்போது 70தான். உயிர்மெய் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குறி போகும், புள்ளிக்கும் ஒரு குறி போகும். எண்ணிப் பார்த்தேன்: காத்திருப்போர் பட்டியல் என்பதற்கு இடைவெளியோடு 23 குறிகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! மிச்சத்தில் நிகழ்ச்சியின் பெயரும் நாளும் நேரமும் எப்படி அடங்கும்? 'காத்திருப்பு' என்றால் 12. 'காத்திருப்பு எண் 7' என்று அனுப்பினால் புரிந்துவிடுகிறது. கலைச்சொல்லை நீளம் பார்த்துத் தேர்வது அற்பமாகத் தோன்றலாம். செய்தி இரண்டாக உடைந்து பின்பாதி முதலில் வந்து சேர்ந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

(எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். ஒருங்குறி (யூனிகோட்) இரண்டையும் ஏற்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் சேமித்தால், ஒரே கொற்றவை இரண்டு பேராகி இரண்டு இடம் பிடிப்பார். பெயர் கொடுக்கச் சொல்பவர்கள் வாங்கவும் தெரிந்திருக்கவேண்டும்.)

ஈவென்டுக்கு நிகழ்வா, நிகழ்ச்சியா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொத்தானை அழுத்துவதையே நிரலில் நிகழ்வு என்கிறோம். ஆள் கூடுவது நிகழ்ச்சியாகவே இருக்கட்டும். அவுட்ரீச்சுக்கு, அதாவது வெளியில் இருப்பவர்களைத் தேடிப்போய் எட்டும் வேலைக்கு, வந்த 'பரப்புரை'யில் தேர்தல் வாடை அடிக்கிறது, 'விரிவாக்கம்' வேளாண்மைக்காரர்கள் கையில் இருக்கிறது. மாணவர் கண்ணில் படும் இடங்களில் அந்தச் சொல்லே தேவைப்படவில்லை என்பதால் இப்போதைக்கு அதைத் தொடவில்லை.

இன்னும் அகப்படாதது நோ-ஷோ. பெயர் கொடுத்துவிட்டு, விலகாமலும் இருந்து, வராமலும் போனவர். 'வராதவர்' என்றால் பெயரே கொடுக்காதவரும் அதில் அடக்கம். 'ஏமாற்றியவர்' என்று ஒரு தன்னார்வலர் அறிக்கையில் எழுதியே விட்டார். கோபம் புரிகிறது, ஆனால் அதைத் திரையில் வைக்க முடியாது. பழி சொல்லாத, 12 குறிக்குள் அடங்கும் சொல் யாரிடமாவது இருக்கிறதா?